வெல்லமா, வெள்ளமா?



போன மாரியில் நம்ம ஊர் வட்ஸ்அப் குழுமத்தில் நடந்த விடயம் இது. குழுமத்தில் இருக்கும் பலருக்கு ஞாபகம் இருக்கும். யாருடைய பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை.

மூன்று நாளாக விடாத மழை. இரவு பத்து மணிக்குப் பிறகு, வாவியில் தோணி ஓட்டிப் பிழைக்கும் ஒரு காக்கா இப்படி எழுதினார்: "முகத்துவாரம் இன்னும் வெட்டல்ல. ஆத்துல தன்னி ஏறுது. நாளைக்கி வெல்லம் ஊருக்குள்ள வரும். பெரியாக்கள் ஆரும் கந்தோருக்கு கதைங்க."

ஐந்து நிமிடத்தில் முதல் பதில் வந்தது: "வெல்லம் வருதாம். வட்டிலப்பத்துக்கு முட்டை வாங்கி வைங்க." அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். அடுத்தவர் "தன்னி" என்ற சொல்லுக்குச் சிவப்பு வட்டம் போட்டு ஸ்கிரீன்ஷொட் அனுப்பினார். இன்னொருவர், தமிழே எழுதத் தெரியாதவரெல்லாம் நீர்ப்பாசனம் கதைக்க வந்துவிட்டார் என்றார். அவருக்குப் பரிந்து பேச வந்தவரோ, "உங்கட ஐகியூ எவ்வளவு?" என்று கேட்டார். பிறகு சண்டை பட்டதாரிகள் இருவருக்கிடையில் திரும்பியது. முகத்துவாரம் என்பது வடமொழி, கழிமுகம் என்பதுதான் சரி என்றார் ஒருவர். இரண்டும் ஒன்றல்ல, வித்தியாசம் தெரியாத அரைகுறை நீர் என்றார் மற்றவர். இரவு ஒரு மணி வரை போனது. வாவியில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

காலையில் பார்த்தால், அந்தக் காக்கா குழுமத்திலிருந்து வெளியேறிவிட்டார் என்று ஒற்றை வரி.

சிரித்தவர்களில் அதிகம் பேர் நம் பாடசாலையில் உயர்தரம் படித்தவர்கள். ஆசிரியர்களான நம்மிலும் சிலர் சிரிப்புக் குறி போட்டோம். அந்தக் காக்காவும் நம் பாடசாலைதான், தரம் எட்டோடு நின்றவர். அவருடைய கொப்பியில் சிவப்பு மையால் வட்டம் போட்டதும் நாம்தான். சிவப்பு வட்டம் போடப் பழக்கியதும் நாம்தான். ஆகவே இந்தப் பதிவு மற்றவர்களுக்குப் புத்தி சொல்ல எழுதப்பட்டதல்ல.

முதலில், அவர் எழுதிய நான்கு வசனத்தில் என்ன இருந்தது என்று பார்ப்போம்.

கிழக்கில் வாவி ஓரம் வாழ்பவர்களுக்குத் தெரியும். கோடையில் கடலலை மணலைத் தள்ளி முகத்துவாரத்தை அடைத்துவிடும். மாரியில் நீர் ஏறும்போது அந்த மணல் திட்டை வெட்டிவிட வேண்டும். எப்போது வெட்டுவது என்பதில் வருடாவருடம் இழுபறி. வயல்காரர்கள் வேளைக்கு வெட்டச் சொல்வார்கள், இல்லாவிட்டால் பயிர் மூழ்கும். மீன்பிடிகாரர்கள் கொஞ்சம் பொறுக்கச் சொல்வார்கள், அவசரப்பட்டு வெட்டினால் தண்ணீரோடு இறாலும் மீனும் கடலுக்குப் போய்விடும். அப்படியிருக்க, தோணிக்காரர் ஒருவரே "வெட்டுங்கள்" என்கிறார். தன் தொழிலுக்கு நட்டம் என்று தெரிந்துகொண்டே சொல்கிறார். பாலத்துத் தூணில் தண்ணீர் எங்கே நின்றால் எந்த வளவுக்குள் வரும் என்பதை இருபது வருடமாகப் பார்த்தவர் அவர். அந்தச் செய்தியில் அவதானிப்பு இருந்தது, கணக்கு இருந்தது, எச்சரிக்கை இருந்தது, யார் என்ன செய்ய வேண்டும் என்ற வேண்டுகோளும் இருந்தது. நாம் அதில் கண்டதெல்லாம் ஒரு லகரத்தையும் ஒரு னகரத்தையும்தான்.

2024 நவம்பர் வெள்ளத்தில் மாவடிப்பள்ளிப் பக்கம் மத்ரஸாப் பிள்ளைகள் ஏறி வந்த உழவு இயந்திரம் அள்ளுண்டு போனதை நாம் யாரும் மறக்கவில்லை. வெள்ளம் நமக்குப் பகிடி விடயமல்ல. ஆனாலும் பகிடி பண்ணினோம். காரணம், அந்த நேரத்தில் நாம் வெள்ளத்தைப் பற்றி யோசிக்கவில்லை. யார் கெட்டிக்காரன், யார் மொக்கன் என்று யோசித்துக்கொண்டிருந்தோம்.

அவருடைய செய்தியைக் கவனித்திருந்தால் ஊருக்குள் தண்ணீர் வந்திருக்காது என்று சொல்ல வரவில்லை. வெட்டும் முடிவு அதிகாரிகளுடையது. நம் கையில் இருந்தது ஒரு தொலைபேசி அழைப்புத்தான். அதை எடுக்கவில்லை. இதைத்தான் சொல்கிறோம்.

இப்போது எழுத்துப்பிழைக்கு வருவோம். ந, ன இரண்டும் காதுக்கு ஒன்றுதான். ழகரம் நம் பேச்சில் ளகரமாகவே வருகிறது. இதையெல்லாம் காதால் பிடிக்க முடியாது, வாசித்து வாசித்துக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். வாசிக்க நேரமும் புத்தகமும் கிடைத்தவர்களுக்கு அது கைவரும். விடிய மூன்று மணிக்கு வாவியில் இறங்குபவருக்கு எங்கே கிடைக்கும்? அதோடு, போனில் பலர் தட்டுவது ஆங்கில எழுத்தில். அப்படித் தட்டும்போது வெல்லத்துக்கும் வெள்ளத்துக்கும் ஒரே எழுத்துகள்தான். அதைத் தமிழாக்கி முன்னால் வைப்பது போன். இருட்டில், மழையில், அவசரத்தில் முதலில் வந்த சொல்லை அவர் அழுத்தியிருக்கலாம். நாம் சிரித்தது அவருடைய தமிழைப் பார்த்தா, போனின் தமிழைப் பார்த்தா என்பதுகூட நமக்குத் தெரியாது.

இது அவர் ஒருவருடைய பிரச்சினையும் அல்ல. கொழும்பிலும் கண்டியிலும் தென்பகுதியிலும் நம் பிள்ளைகள் நிறையப்பேர் சிங்கள மொழிமூலம் படிக்கிறார்கள். சட்டத்தரணியாக, டொக்டராக இருப்பவர்கள்கூடத் தமிழில் ஒரு பந்தி எழுதத் தடுமாறுவதைப் பார்க்கிறோம். அவர்களுடைய தமிழைப் பார்த்து நாம் சிரிப்பதில்லை, பதவி தெரியும் என்பதால். தோணிக்காரருடைய பிழை மட்டும் மூளையின் பிழையாகிவிடுகிறது. ஒரே பிழைக்கு இரண்டு தீர்ப்பு என்றால், நாம் அளப்பது அறிவை அல்ல, ஆளை.

சொல் வளத்துக்கும் அறிவுக்கும் சம்பந்தமே இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உளவியலாளர்கள் பயன்படுத்தும் நுண்ணறிவுச் சோதனைகளில் சொற்களின் பொருள் கேட்கும் பகுதி இருக்கத்தான் செய்கிறது. நிறைய வாசிப்பவனுக்கு நிறையச் சொல் தெரியும், நிறையச் சொல் தெரிந்தவனுக்கு நுணுக்கமாக யோசிப்பது சுலபமாகும். மறுக்க முடியாது. ஆனால் ஒருவனிடம் இருக்கும் சொற்களில் அவனுடைய வீடும், வாப்பாவின் வருமானமும், கிடைத்த பாடசாலையும் சேர்ந்தே இருக்கின்றன. 1905இல் பிரான்ஸில் அல்பிரட் பினே என்பவர் சிமோனோடு சேர்ந்து முதன்முதலாக இப்படியொரு சோதனையை உருவாக்கியது, பாடசாலையில் மேலதிக உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க. அறிவு என்பது கூடாது குறையாது நிற்கும் ஓர் அளவு என்ற பேச்சை அவரே எதிர்த்தார். உதவி செய்யக் கண்டுபிடித்த கருவியின் பெயரை நாம் இன்று "உன் ஐகியூ எவ்வளவு" என்று ஏச எடுத்திருக்கிறோம்.

ஆசிரியர்கள் எல்லோரும் அறிய வேண்டிய இன்னொரு ஆய்வு இருக்கிறது. 1960களில் அமெரிக்காவில், நியூயோர்க் நகரின் ஹார்லம் பகுதியில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு மொழி வளம் இல்லை, அதனால்தான் படிப்பில் பின்னுக்கு நிற்கிறார்கள் என்று கல்வியாளர் சிலர் எழுதினார்கள். வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் அதை ஏற்கவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனைப் பேட்டி கண்டபோது அவன் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டான். அடுத்த முறை பேட்டி காண்பவர் உருளைக்கிழங்குப் பொரியல் பக்கற்றோடு வந்தார், பையனின் கூட்டாளியையும் அழைத்து வந்தார், கதிரையை விட்டு நிலத்தில் உட்கார்ந்தார். அதே பையன் கூட்டாளியோடு போட்டி போட்டுக்கொண்டு கதைத்தான். சொல் இல்லாமல் அவன் பேசாமல் இருக்கவில்லை. வாயைத் திறந்தால் பிழை பிடிப்பார்கள் என்று தெரிந்து பேசாமல் இருந்தான். லபோவ் இதை 1969இல் எழுதினார். நம் வகுப்பில் பின்வாங்கில் இருந்து "தெரியாது சேர்" என்று மட்டும் சொல்லும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள்.

அடுத்த பக்கத்தையும் பார்க்க வேண்டும். பெரிய பெரிய சொற்களை அடுக்குபவர். பேஸ்புக்கில் வாதம் சூடானதும் "கட்டுடைப்பு", "பின்னவீனத்துவ அணுகுமுறை" என்று தொடங்குவார் ஒருவர். மார்க்க விடயமென்றால் இன்னொருவர் உஸூல், இல்லத், கியாஸ் என்று அரபுச் சொற்களை அடுக்கி, இவை தெரியாதவன் வாய் திறக்காதே என்பார். சட்டமும் மார்க்கமும் மருத்துவமும் கலைச்சொற்கள் இல்லாமல் நடக்காது, அது வேறு. வாசிப்பவருக்கு விளங்கக்கூடாது என்றே போடப்படும் சொல் வேறு. டானியல் ஒப்பன்ஹைமர் என்ற உளவியலாளர் 2006இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சாதாரணமாக எழுதிய பந்திகளை எடுத்து, எளிய சொற்களுக்குப் பதிலாக நீண்ட கடினமான சொற்களை மாற்றிப்போட்டு, இதை எழுதியவர் எவ்வளவு கெட்டிக்காரர் என்று வாசகர்களைக் கேட்டார். கடின சொல் கூடக்கூட எழுதியவருக்குக் கிடைத்த மதிப்பு குறைந்தது. தேவையில்லாமல் சொல்லை அடுக்குபவருக்கு நாம் முகத்துக்கு முன்னால் "மாஷா அல்லாஹ்" சொன்னாலும் உள்ளுக்குள் வேறொன்று நினைக்கிறோம் என்பதுதான் அதன் சுருக்கம்.

நமக்குத் தூரத்து உதாரணம் வேண்டாம். கொவிட் காலம் போதும். 2020 ஏப்ரலில் கொவிட் ஜனாஸாக்களை எரிப்பது கட்டாயமாக்கப்பட்டது. நிலத்தடி நீர் மாசுபடும் என்று நிபுணர் பெயரில் காரணம் சொன்னார்கள். அந்த நேரம் நம் உம்மாமார் குசினியில் இருந்து கேட்ட கேள்வி என்ன? "உலகமெல்லாம் அடக்குறாங்களே, அங்கெல்லாம் தண்ணி கெட்டுப் போகல்லியா?" இதில் விஞ்ஞானச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒரு கருதுகோளை எப்படிச் சோதிப்பது என்பது முழுதாக இருக்கிறது. அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் சொன்னதும் அதைத்தான். 2021 பெப்ரவரியில் அனுமதி வந்து, ஓட்டமாவடியில் அடக்கினோம். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. குசினியில் கேட்ட அந்தக் கேள்வி முதல் நாளே சரியாக இருந்தது.

சொல்லை வைத்து வாயடைக்கப்படும் வலி நமக்குப் புதியதா? 1956இல் சிங்களம் மட்டும் அரச மொழியானது. 1987இல் 13ஆவது திருத்தத்தில் தமிழும் அரச மொழி என்று எழுதப்பட்டது. இன்றும் சிங்களத்தில் வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்துச் சொல்ல ஆள் தேடுகிறோம். பொலிஸ் நிலையத்திலோ ஆஸ்பத்திரியிலோ சிங்களம் வராமல் நிற்கும் நம் வாப்பாவைக் கதிரையில் இருப்பவர் ஒரு மாதிரிப் பார்க்கும்போது நமக்கு இரத்தம் கொதிக்கிறது. வாப்பாவுக்கு அறிவில்லாமல் இல்லை, அந்த மொழி இல்லை, அவ்வளவுதான் என்று நமக்குத் தெரியும். அதே பார்வையைத்தான் அன்றிரவு குழுமத்தில் நாம் அந்தக் காக்காவைப் பார்த்தோம்.

சுத்தமான தமிழ் என்று சண்டை பிடிப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நாம் உட்காரும் கதிரை, திறக்கும் யன்னல், உம்மா சமைக்கும் குசினி, காலில் போடும் சப்பாத்து, காலையில் சாப்பிடும் பாண் எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போனவை. அந்தக் காக்கா எழுதிய "கந்தோர்" ஒல்லாந்தரிடமிருந்து வந்தது. மறுபக்கம், அரபுச் சொல் கையில் இருந்தும் தொழுகை என்றும் நோன்பு என்றும் தமிழில் சொல்லிப் பழகிய சமூகம் இது. குழம்பை ஆணம் என்று சொன்னதற்காக வெளியூரில் நம்மைச் சிரித்தவர்கள் உண்டு. அது நல்ல பழைய தமிழ்ச் சொல் என்று அவர்களுக்குத் தெரியாது. 1882இல் "முஸ்லிம் நேசன்" பத்திரிகையைத் தொடங்கிய சித்திலெவ்வை, நம் சமூகத்தை எழுத வைக்கவும் வாசிக்க வைக்கவும் பாடுபட்டவர். எழுத வருபவனைச் சிரித்துத் துரத்துவது அந்த வழியல்ல.

மூஸா (அலை) அவர்களின் வரலாறு நம் எல்லோருக்கும் தெரியும். தம் நாவிலுள்ள முடிச்சை அவிழ்க்குமாறு இறைவனிடம் கேட்டவர் அவர். தம்மைவிடத் தெளிவாகப் பேசக்கூடிய சகோதரர் ஹாரூனைத் துணைக்குத் தருமாறும் கேட்டார். அவருடைய செய்திக்குப் பதில் இல்லாமல் போனபோது பிர்அவ்ன் தன் கூட்டத்தாரிடம் சொன்ன குறைகளில் ஒன்று, இவருக்குத் தெளிவாகப் பேசக்கூட வராது என்பது. பிள்ளைகளுக்கு இதைப் பலமுறை சொல்லிக்கொடுத்திருக்கிறோம். ஒரு வாதத்துக்குப் பதில் சொல்லாமல் பேசுபவரின் நாவைப் பிடிப்பது யாருடைய வழி என்று அந்த வரலாற்றில் இருக்கிறது. அன்றிரவு அது நமக்கு நினைவு வரவில்லை.

அப்படியானால் பிழையே திருத்தக்கூடாதா? தமிழ் படிப்பிக்கும் நாம் அப்படிச் சொல்வோமா? சில சொற்களைத் திருத்தாமல் விட்டால் ஆளே அழிந்துவிடும். "சந்தேகநபர்" என்பதைக் "குற்றவாளி" என்று ஒருவர் பகிர்ந்தால் அந்த இடத்திலேயே, எல்லோர் முன்னாலும் திருத்த வேண்டும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு அந்த இரண்டு சொல்லுக்கும் இடையில் எத்தனை குடும்பங்கள் கிடந்து தவித்தன என்று நமக்குத் தெரியும். "கவலைக்கிடம்" என்ற செய்தி "மௌத்" என்று மாறி வந்தாலும் அப்படித்தான். மருந்தின் அளவு, பரீட்சைத் திகதி, சட்டத்தின் வாசகம், இவற்றிலும் விட்டுக்கொடுக்க முடியாது. ஏனென்றால் அங்கே சொல் மாறினால் பொருள் மாறுகிறது, வாசிப்பவர் ஏமாறுகிறார்.

"வெல்லம்" அப்படியா? அன்றிரவு குழுமத்தில் ஒருவர்கூட அதைக் கருப்பட்டி என்று விளங்கவில்லை. எல்லோருக்கும் சரியாக விளங்கியது. விளங்கியதால்தான் சிரிக்க முடிந்தது.

ஆகவே நமக்குள் சில பழக்கங்களை ஏற்படுத்திக்கொள்வோம். ஒருவர் எழுதியது விளங்கினால் முதலில் விடயத்துக்குப் பதில் சொல்வோம். விளங்காவிட்டால், "காக்கா, இதைத்தானே சொல்றீங்க?" என்று கேட்போம். எழுத்துப்பிழையை இன்பொக்ஸில் தனியாகச் சொல்வோம், அதுவும் அவர் விரும்பினால். எழுதக் கஷ்டப்படுபவர்கள் குரல் பதிவு போடட்டும், அதைக் கேட்கச் சோம்பல்படாமல் இருப்போம். "ஐகியூ", "மொக்கன்", "படிக்காதவன்" என்ற சொற்கள் வந்தால் அட்மின்மார் தயவுசெய்து தலையிடுங்கள். ஆசிரியர்களான நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. கட்டுரைக் கொப்பியில் சிவப்பு வட்டம் போடுவதற்கு முன், பிள்ளை சொல்ல வந்த விடயத்துக்கு ஒரு வரி பதில் எழுதுவோம். விடயத்துக்கு ஒரு புள்ளி, எழுத்துக்கு ஒரு புள்ளி என்று பிரித்துப் போடுவோம். எட்டாம் தரத்தில் யாராவது அவருக்கு அப்படி எழுதியிருந்தால் என்ற கேள்வி நம்மை விட்டுப் போகவில்லை.

மழை விட்டு இரண்டு கிழமைக்குப் பிறகு, அஸர் தொழுதுவிட்டு வரும்போது அவரைச் சந்தித்தோம். மன்னிப்புக் கேட்டோம். அவர் கோபிக்கவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "பரவாயில்ல சேர். நமக்கு எழுத வராதே. நீங்கெல்லாம் படிச்சாக்கள், நீங்க கதைங்க" என்றார். திரும்பக் குழுமத்தில் சேருங்கள் என்று கேட்டோம். "பார்ப்பம் சேர்" என்றார். இன்னும் சேரவில்லை. இந்த மாரியில் தண்ணீர் ஏறும்போது அவர் யாருக்குச் சொல்வார் என்று தெரியவில்லை.

அவருடைய வீட்டுப் பக்கம் இருப்பவர்கள் இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். எங்களுக்கு அவர் திரும்பி வர வேண்டும், அவருடைய எழுத்தோடேயே வர வேண்டும்.

இந்தப் பதிவிலும் எழுத்துப்பிழை இருக்கலாம். கண்டால் இன்பொக்ஸில் சொல்லுங்கள், திருத்துகிறோம். கருத்தில் பிழை கண்டால் கீழே எல்லோரும் பார்க்க எழுதுங்கள். எந்தத் தமிழில் எழுதினாலும் பதில் சொல்வோம், இன்ஷா அல்லாஹ்.